பழைய போட்டோவை வைத்துக் கதை எழுதுவது எப்படி? (படம் ஒரு தாளில், நினைவு இன்னொரு தாளில்)

கெடிலக்கரை:
கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாதக் கடைசி ஞாயிறு நடக்கும் எழுத்துப் பயிற்சிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். அடுத்த அமர்வு, வீட்டிலிருக்கும் பழைய போட்டோவையும் நினைவையும் வைத்துக் கதை எழுதுவது. இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. இதில் வழக்கமாக இரண்டு வகைத் தாள்கள் வரும். ஒன்று, "இந்தப் படத்தில் நால்வர் நிற்கிறார்கள்" என்று தொடங்கிச் சேலை, சட்டை, செடி என்று அடுக்கிவிட்டு முடிந்துபோவது. மற்றது, "அந்த நாள் இனி வருமா" என்று ஏங்குவது. இரண்டிலும் கதை இல்லை. இதை எப்படி நடத்தலாம்? 2015 வெள்ளத்தில் ஆல்பம் மொத்தமும் போனவர்களும் வருகிறார்கள், அவர்களுக்கு என்ன கொடுப்பது?

பேச வசதியாக ஒரு மாதிரிப் படம். கறுப்பு வெள்ளை, சதுரம், வெள்ளை ஓரம். தேவனாம்பட்டினம் கடற்கரை. ஒரு பெண், இரண்டு பிள்ளைகள், ஒரு முதியவர், அவர்களுக்குப் பின்னால் கடல். முதியவர் செருப்பைக் கையில் பிடித்திருக்கிறார். படத்தின் இடது ஓரத்தில் யாரோ ஒருவரின் முழங்கை மட்டும் தெரிகிறது. மணலில் படம் எடுத்தவரின் நிழல். பின்பக்கம் பென்சிலில் "மாசி மகம்" என்று எழுதியிருக்கிறது, வருடம் இல்லை.

முத்தியால்பேட்டை:
கெடிலக்கரை சார், நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுக்கும் வேர் ஒன்றுதான். படத்தில் இருப்பதையும் மனதில் இருப்பதையும் ஒரே தாளில் கலந்து எழுதவிடுகிறோம். கலந்துவிட்டால் எது கண்ணால் கண்டது, எது பின்னால் சேர்ந்தது என்று எழுதுகிறவருக்கே பிடிபடாது. ஆளுக்கு இரண்டு தாள் கொடுங்கள்.

முதல் தாள் படத்துக்கு. அசலில் கை வைக்க வேண்டாம், ஏ4 அளவில் ஜெராக்ஸ் எடுத்துவரச் சொல்லுங்கள். அதில் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு கோடு போட்டால் ஒன்பது கட்டம். கட்டத்துக்கு ஒன்றரை நிமிடம், நீங்கள் கடிகாரத்தைப் பார்த்து "அடுத்தது" என்று சொல்லிக்கொண்டே போங்கள். பொருட்பெயர் மட்டும் எழுத வேண்டும். "அழகான", "சோகமான" கூடாது. "சிரிக்கிறாள்" கூட வேண்டாம், "பல் தெரிகிறது" என்று எழுதட்டும். சிரிப்பா, வெயிலுக்குக் கண் கூசி வாய் விரிந்ததா என்று அப்போது நமக்குத் தெரியாதல்லவா? முகம் உள்ள கட்டத்தில் எல்லாரும் நின்றுவிடுவார்கள், ஓரக் கட்டங்களை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். கதைக்குரியது பெரும்பாலும் ஓரத்தில்தான் கிடக்கும். உங்கள் படத்தில் அந்த முழங்கையைப் பாருங்கள்.

இரண்டாம் தாள் நினைவுக்கு. அன்று யார் என்ன சொன்னார்கள், என்ன வாசனை, எதற்குச் சண்டை என்று எதுவும் எழுதலாம். ஒவ்வொரு வரியும் "எனக்கு நினைவிருப்பது" அல்லது "சொல்லக் கேட்டது" என்று தொடங்க வேண்டும். இந்த இரண்டையும் பிரிப்பது மிக முக்கியம். பத்து நிமிடம் போதும், நீண்டால் ஏக்கம் புகுந்துவிடும்.

பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாததையும் ஒன்றை ஒன்று மறுப்பதையும் சிவப்பில் வட்டமிடச் சொல்லுங்கள். அந்த வட்டத்திலிருந்துதான் கதை தொடங்க வேண்டும். "அன்று எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம்" என்று ஒரு தாள் சொல்கிறது, படத்தில் அம்மாவின் கை பிள்ளையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறது என்றால், எழுத வேண்டியது அந்தப் பிடியைப் பற்றி.

ஓ.டி. ஸ்டூடியோ:
மாதிரிப் படத்தைக் கொஞ்சம் படித்துப் பார்ப்போம். எழுதுகிறவர்கள் படத்தைப் பார்க்கிறார்கள், படிப்பதில்லை.

சதுரப் படம், கறுப்பு வெள்ளை. 120 ரோல் பிலிமாக இருக்கலாம், ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான் விழும். அதனால் ஒவ்வொரு கிளிக்கும் யோசித்து அடித்தது. அந்த நாளின் மற்றப் பதினொன்று எங்கே என்பதே ஒரு கேள்வி.

நிழல். நம் கரையில் கடல் கிழக்கே. கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்பவரைக் காலையில் எடுத்தால் சூரியன் கேமராவுக்கு எதிரே இருக்கும், முகம் இருண்டுவிடும். இந்தப் படத்தில் முகம் தெளிவு, எடுத்தவரின் நிழல் முன்னால் விழுகிறது. ஆகவே இது பிற்பகல். மாசி மாதம் கடலூரில் நிழல் ஓர் ஆள் உயரம் என்றால் மணி மூன்று சுமார். இரண்டு ஆள் உயரம் என்றால் நாலரை ஒட்டி. இப்போது பின்பக்கக் குறிப்பைப் பாருங்கள். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் தீர்த்தவாரிக்கு வரும் கூட்டத்தில் நால்வர் தனியாக நின்று படம் எடுக்க முடியுமா? ஆக, கூட்டம் கலைந்து சாமிகள் திரும்பியபின் எடுத்ததாக இருக்கும். இல்லையென்றால் குறிப்பைப் பல வருடம் கழித்து யாரோ தவறாக எழுதியிருக்க வேண்டும். இரண்டுமே கதைக்கு ஆகும்.

நிழலின் உருவத்தையும் கவனியுங்கள். முழங்கை தூக்கிக் கண்ணருகே இருந்தால் ஆக்பா கிளிக் மாதிரி வீட்டுப் பெட்டிக் கேமரா. தலை குனிந்து, கை வயிற்றருகே இருந்தால் மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டை லென்ஸ் கேமரா. அதன் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். இடது ஓரத்து முழங்கை அதில் வலப்பக்கம் தெரியும். பழக்கமில்லாதவர் அதை வெட்ட நினைத்து இடப்பக்கம் திருப்புவார், முழங்கை இன்னும் உள்ளே வரும். தொழில்காரர் இந்தத் தவறு செய்யமாட்டார். ஆக, எடுத்தவர் கேமராவை இரவல் வாங்கியவராக இருக்கலாம். வீட்டு ஆல்பத்தில் எப்போதும் இல்லாத ஆள் எடுத்தவர்தான். அவரை வைத்து எழுதச் சொல்லுங்கள்.

எழுதும் முன் படம் இடவலம் மாறிப் பிரிண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். நெகட்டிவைத் திருப்பிப் போட்டால் அப்படி ஆகும். ஆண் சட்டைப் பை அவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும், முந்தானை இடத்தோளில், பெரும்பாலும் கைக்கடிகாரம் இடக்கையில். மூன்றும் மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது, "அப்பாவுக்கு இடக்கைப் பழக்கம்" என்று கதையில் எழுதிவிடாதீர்கள்.

வில்லியனூர்:
காலம் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள். வண்டியில் டி.என். அல்லது பி.ஒய். எண் இருந்தால் 1989 ஜூலைக்குப் பிந்தியது. டி.என். 31 கடலூர், பி.ஒய். 01 புதுச்சேரி. பலகையில் "தென்னாற்காடு மாவட்டம்" என்றிருந்தால் 1993-இல் கடலூர் தனி மாவட்டம் ஆனதற்கு முன் எழுதிய பலகை. லை, னை, ணை மூன்றும் பழைய வளைந்த கொம்போடு இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய கை. ஆனால் பலகை எழுதிய காலம் வேறு, படம் எடுத்த காலம் வேறு. பலகை இருபது வருடம் கழித்தும் தொங்கும்.

புதுச்சேரிப் படங்களில் ஒரு பொறி உண்டு. போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பியைப் பார்த்ததும் பிரெஞ்சுக் காலம் என்று எழுதிவிடுகிறார்கள். 1954-க்குப் பிறகும் அந்தத் தொப்பி போகவில்லை. பிரெஞ்சுத் தெருப் பெயர்ப் பலகையும் அப்படியே.

கலர்ப் படத்தில் இன்னொன்று. எழுபது, எண்பதுகளின் பிரிண்டுகள் ஆல்பத்துக்குள் மூடிக் கிடந்தாலே நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்து, படம் முழுக்கச் செம்மை ஏறிவிடும். அதைப் பார்த்து "செவ்வானம் படர்ந்த மாலை" என்று ஆரம்பிப்பவர்கள் அதிகம். நிழலைப் பார்த்தால் நடுமதியமாக இருக்கும். மூலையில் ஆரஞ்சு நிறத் தேதி விழுந்திருந்தாலும் நம்ப வேண்டாம், பேட்டரி மாற்றியபின் தேதி வைக்காமலே சுட்டவர்கள் ஏராளம்.

முத்தியால்பேட்டை அக்காவிடம் ஒரு மறுப்பு. நீங்கள் படத்தை முதலில் பார்க்கச் சொல்கிறீர்கள். பார்த்த மாத்திரத்தில் படம் நினைவைத் தின்றுவிடும். 2002-இல் வெளிவந்த ஓர் உளவியல் ஆய்வில், இருபது பேரிடம் அவர்களின் சிறுவயது முகத்தை வெப்பக்காற்று பலூனில் ஒட்டித் தயாரித்த பொய்ப் படத்தைக் காட்டினார்கள். அப்படி ஒரு பயணம் நடக்கவே இல்லை. சில சந்திப்புகளுக்குப் பிறகு பாதிப் பேர் அந்தப் பயணத்தை முழுதாகவோ கொஞ்சமாகவோ "நினைவுகூர்ந்தார்கள்". ஆகவே ஆல்பத்தை மூடி வைத்து முதலில் நினைவைத்தான் எழுத வேண்டும்.

முத்தியால்பேட்டை:
ஒப்புக்கொள்கிறேன் தம்பி, வீட்டுப் படத்துக்கு உங்கள் வரிசைதான் சரி: நினைவுத் தாள் முதலில், ஜெராக்ஸ் உறைக்குள் மூடியிருக்கட்டும். அறிமுகமில்லாதவர் படம் என்றால் நினைவு கிடையாது, நேராகக் கட்டத்துக்குப் போகலாம்.

அதோடு ஒரு சோதனை சேர்க்கிறேன். நினைவுத் தாளில் ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் "உள்ளிருந்து" அல்லது "வெளியிலிருந்து" என்று குறிக்கச் சொல்லுங்கள். அந்த நாளில் நாம் நின்ற இடத்திலிருந்து, நம் கையையும் எதிரில் இருந்தவரையும் பார்த்தால் உள்ளிருந்து. நம்மையே யாரோ பார்ப்பதுபோல், பாவாடை கட்டிய சிறுமியாக நாமே காட்சிக்குள் தெரிந்தால் வெளியிலிருந்து. வெளியிலிருந்து தெரிவதில் நல்ல பங்கு, நினைவாக மாறிப்போன போட்டோவாக இருக்கக்கூடும். தூக்கிப்போட வேண்டாம், குறித்து வைத்தால் போதும். உள்ளிருந்து வந்த வரிகளில்தான் மணலின் சூடும் பசியும் இருக்கும்.

நெல்லித்தோப்பு:
தமிழ் படித்தவர்களுக்கு இதற்கென்றே ஒரு சட்டகம் கையில் இருக்கிறது. தொல்காப்பியத்தின் முதல், கரு, உரி. படத்தின் நிலமும் பொழுதும் முதல். அங்குள்ள தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் எல்லாம் கரு. உரிப்பொருளை, அதாவது மனிதருக்குள் நடப்பதை, கடைசியில்தான் தொட வேண்டும். பயிற்சியில் எல்லாரும் உரியிலிருந்து தொடங்குவதால்தான் ஏக்கம் கொட்டுகிறது. முதலும் கருவும் சரியாக அமைந்தால் உரியைப் பெயர் சொல்லி எழுதவே தேவையிருக்காது.

கெடிலக்கரை சாரின் படத்துக்கு: நெய்தல், மாசி என்பதால் பின்பனி, பொழுது சாயும் வேளை. நெய்தலுக்கு உரியது இரங்கல். ஆனால் நிலம் சொல்கிறது என்பதற்காக அழ வைக்க வேண்டியதில்லை, நிலத்துக்கு எதிராகவும் எழுதலாம். பிழை ஒன்று மட்டும் வேண்டாம்: கடலூரில் சூரியன் கடலில் மறையாது, ஊருக்குள்தான் இறங்கும். மாலையில் அலை மங்கும், கட்டடங்களின் விளிம்புதான் மின்னும். இதை மாற்றி எழுதிய தாள் ஒவ்வோர் அமர்விலும் குறைந்தது இரண்டு வரும்.

அடுத்தது கூற்று. யார் பேசுகிறார்கள்? தலைவி, தோழி, செவிலி, கண்டோர் என்று சங்கப் பாட்டு ஒரே நிகழ்வை ஆளுக்கு ஆள் மாற்றிப் பேசும். படத்தில் நால்வர், எடுத்தவர் ஒருவர், முழங்கை ஒருவர், கரையில் சுண்டல் விற்றபடி பார்த்த கண்டோர் ஒருவர். ஏழு கூற்று இருக்கிறது. பன்னிரண்டு பேருக்கும் "அம்மா பேசுவதுபோல்" என்று கொடுத்தால் பன்னிரண்டும் ஒரே கதையாகத்தான் வரும். சீட்டு எழுதிக் குலுக்கிக் கொடுங்கள்.

கெடிலக்கரை:
மிகவும் பயன். இரண்டு பத்தி மாதிரியாக எழுதிக் காட்ட முடியுமா? அமர்வில் படித்துக்காட்ட வேண்டும்.

நெல்லித்தோப்பு:
வழக்கமாக வரும் தாள் இப்படி இருக்கும்:

"அழகிய மாலைப் பொழுது. அலைகள் ஆர்ப்பரித்தன. அம்மா புன்னகை பூக்க நின்றாள். தாத்தாவின் கண்களில் ஆயிரம் கதைகள். அந்தப் பொன்னான நாட்கள் இனி வருமா?"

இதில் எந்த வரியையும் வேறு எந்தக் கடற்கரைப் படத்துக்கும் ஒட்டலாம். செருப்பும் இல்லை, முழங்கையும் இல்லை. எடுத்தவர் கூற்றாக, ஸ்டூடியோக்காரர் கண்டுபிடித்ததை வைத்து:

"'செருப்பைக் கீழ போடுங்க மாமா.' போடவில்லை. காலையில் தீர்த்தவாரிக் கூட்டத்தில் அவருடையது போய்விட்டது. இது என்னுடையது. மாமனார் வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தால் நன்றாயிருக்காது என்று அவள்தான் கழற்றிக் கொடுக்கச் சொன்னாள். அவர் வாங்கிக்கொண்டார், போட்டுக்கொள்ளவில்லை. ரோலில் ஒன்றுதான் மிச்சம். குனிந்து பார்த்தேன். கண்ணாடியில் வலது ஓரத்தில் அவள் தம்பியின் முழங்கை. அவன் இருக்கக் கூடாது. கேமராவை இடப்பக்கம் திருப்பினேன், முழங்கை இன்னும் உள்ளே வந்தது. மணல் ஆறிவிட்டிருந்தது."

கவனிக்க வேண்டியவை: கோபம், மரியாதை, அவமானம் எதற்கும் பெயர் சொல்லவில்லை. மணல் ஆறியது என்ற ஒரு வரியில் பொழுதும் இருக்கிறது, பேசுபவர் இப்போது வெறுங்காலோடு நிற்பதும் இருக்கிறது. தம்பி ஏன் இருக்கக் கூடாது என்பதை இந்தப் பத்தி சொல்லாது, அடுத்தது சொல்ல வேண்டும். படம், போட்டோ என்ற சொல் எங்கும் வரவில்லை. இதை விதியாகவே வையுங்கள். "இந்தப் புகைப்படத்தைப் பார்க்கும்போது" என்ற தொடக்கத்தைத் தடை செய்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

ஓ.டி. ஸ்டூடியோ:
ஆல்பம் போனவர்களுக்கு. 2004 ஆழிப்பேரலை, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று நம் பக்கத்தில் படமே இல்லாத வீடுகள் நிறைய. அவர்களை அடுத்தவர் படத்தைக் கடன் வாங்கச் சொல்லாதீர்கள், புண்படும். "இல்லாத போட்டோ" என்று கொடுங்கள். சுவரில் அது எங்கே தொங்கியது, எந்த ஆணி, கண்ணாடிக்குள் பூச்சி எந்த மூலையில் நுழைந்தது, அதன் கீழே யார் உட்கார்வார்கள், எப்போது துடைப்பார்கள். படத்துக்குள் இருந்ததை எழுதவே வேண்டாம், அதைச் சுற்றி இருந்ததை மட்டும். இன்னொன்று, வீட்டின் தரைப்படம். திண்ணை, ரேழி, கூடம், கிணற்றடி என்று பென்சிலில் வரைந்து, ஒவ்வோர் அறையிலும் கேட்ட ஒரு வாக்கியத்தை அங்கேயே எழுதுவது. கட்டடம் நினைவில் நிற்கும் அளவுக்கு முகம் நிற்பதில்லை, அதனால் இது நன்றாக வேலை செய்யும். ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, மளிகைச் சிட்டை எதுவும் படத்துக்கு ஈடு.

பொதுப் படம் தேவைப்பட்டால், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களை எண்ணிமப்படுத்தியிருக்கிறது. பூ தைத்த சடை தெரியக் கண்ணாடி வைத்து எடுத்த மஞ்சள் நீராட்டுப் படங்கள், வரைந்த திரைக்கு முன் நிற்கும் தம்பதிகள் என்று கூற்றுப் பயிற்சிக்குத் தோதான வகைகள் அந்தக்கால ஸ்டூடியோக்களில் உண்டு.

அசலைக் கையாள்வது பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் உப்புக்காற்றில் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவே கூடாது, மேற்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடி மேலிருந்தே ஸ்கேன் செய்யுங்கள். தபால் அட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ, சின்னச் சதுரப் படத்துக்கு 1200. போனில் எடுப்பதானால் பிளாஷ் வேண்டாம், ஜன்னலோரம் நேர்வெயில் படாத வெளிச்சத்தில், போனைப் படத்துக்கு இணையாகப் பிடித்து. பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் கையெழுத்தும் அங்கேதான். குறிப்பு எழுதுவதென்றால் மென்மையான பென்சில். பால்பாயிண்ட் அழுத்தினால் முகத்தில் வரி விழும். இப்போது எழுதும் குறிப்புக்கு இன்றைய தேதியும் போடுங்கள், பிறகு வருபவர் "மாசி மகம்" என்று குழம்பமாட்டார்.

வில்லியனூர்:
சில வீடுகளில் இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து எடுத்த படம் இருக்கும். யாராவது கொண்டுவந்தால் சுற்றுக்கு விட வேண்டாம், கொண்டுவந்தவர் மட்டும் எழுதட்டும். அதேபோல் உயிரோடு இருப்பவரைப் பற்றிச் "சொல்லக் கேட்டது" என்ற வரியிலிருந்து கதை வந்து அதை வெளியிடுவதானால், ஊர், தொழில், உறவுமுறை மூன்றில் இரண்டையாவது மாற்ற வேண்டும். பெயரை மட்டும் மாற்றினால் தெருவே கண்டுபிடித்துவிடும். படத்தையும் கதையோடு அச்சிடுவதானால், கூலி கொடுத்து எடுத்த படத்துக்கு வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை முதலில் எடுக்கச் சொன்னவருக்கே என்று பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. இருந்தாலும் படத்தில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கெடிலக்கரை:
இப்படி வைத்திருக்கிறேன்: நினைவுத் தாள் 10 நிமிடம், உள்ளே-வெளியே குறிப்பது 5, கட்டம் 15, சிவப்பு வட்டம் 10, கூற்றுச் சீட்டு எடுத்து எழுதுவது 40. மீதி 40 நிமிடம் படிப்பதற்கு. எல்லாரும் படிக்க நேரம் போதுமா?

முத்தியால்பேட்டை:
போதாது சார். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலே பன்னிரண்டு பேருக்கு 36, பேச நேரமே இல்லை. நால்வர் நால்வராக மூன்று குழுவாகப் பிரியுங்கள், அப்போது ஆளுக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். படிக்கும்போது படத்தைக் காட்டக் கூடாது. கேட்ட மூவரும் தாங்கள் கேட்டதை வைத்து யார் எங்கே நிற்கிறார்கள் என்று குச்சி மனிதர்களாக வரையட்டும், பிறகு படத்தைத் திறக்கலாம். நால்வரும் வரிசையாக நிற்கும் படத்துக்கு மூவரும் ஒரு செருப்பையும் ஒரு முழங்கையையும் பெரிதாக வரைந்திருந்தால், எழுதியவரிடம் அடுத்த பத்தியை அங்கிருந்து தொடரச் சொல்லுங்கள். முகம்தான் பெரிதாக வந்திருந்தால் சீட்டை மாற்றிக் கொடுங்கள், வேறு கூற்றில் அடுத்த மாதம் எழுதி வரட்டும். ஜெராக்ஸ் கொஞ்சம் கறுப்பு குறைத்து எடுக்கச் சொல்ல மறக்காதீர்கள், கடைக்காரர் வழக்கம்போல் போட்டால் நிழல் பகுதி மொத்தமாக அடைத்துக்கொள்ளும்.

நெல்லித்தோப்பு:
சீட்டில் "முழங்கை" என்றே எழுதுங்கள். "அவள் தம்பி" என்று எழுதினால் என் மாதிரிப் பத்தியையே நகலெடுப்பார்கள்.